காய்ச்சலுக்குப் பெயர் தேடி

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் ‘காய்ச்சல்’ என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் ஒன்றாய்க் குடியிருக்கும் ஒரு வீட்டின் பெயர். யட்டியாந்தோட்டையில் பால்வெட்டப் போகும் ஒருவருக்கும், இரக்குவானையில் கொழுந்தெடுக்கும் ஒருத்திக்கும், நிவித்திகலையில் இரத்தினக்கல் குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நிற்கும் ஓர் இளைஞனுக்கும் ஒரே வாரத்தில் உடம்பு கொதிக்கலாம். தலையிடி, மூட்டுநோவு, வாந்தி, கண்ணின் பின்புறத்து வலி என்று முதல் மூன்று நாட்களில் மூவரும் சொல்லும் குறிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒருவருக்கு வந்திருப்பது டெங்காக இருக்கலாம். மற்றவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மூன்றாமவருக்கு நாலு நாளில் தானே விட்டுப்போகும் சளிச்சுரமாக இருக்கலாம்.

பெயர் எதுவானால் என்ன, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. எலிக்காய்ச்சல் ஒருவகைப் பற்றீரியாவினால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் தங்கியிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியே உடம்பினுள் நுழைவது. வேளையோடு பெனிசிலின் போன்ற மருந்தைக் கொடுத்தால் அஃது அடங்கிவிடும். டெங்கோ வைரசினால் வருவது. பெனிசிலின் அதன்முன் வெறுந் தண்ணீருக்குச் சமம். நோயாளியின் உடம்பிலுள்ள நீரை மணிக்கு மணி அளந்து, குறைந்தால் கொடுத்து, மிகுந்தால் நிறுத்தி அவரைக் கரைசேர்ப்பதே அதற்கு வைத்தியம். உடம்பு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் அஸ்பிரின் போன்ற மாத்திரைகள் டெங்கு நோயாளிக்கு இரத்தப் போக்கை உண்டாக்கக் கூடியவை. ஒரு நோய்க்கு அமுதமாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும் இடம் இது.

இதனினும் கொடிய சூழ்ச்சி ஒன்று டெங்குக் காய்ச்சலில் மறைந்திருக்கிறது. காய்ச்சல் ஏறி நிற்கும் நாட்களைவிட, அது விட்டு உடம்பு குளிரும் நேரமே ஆபத்தானது. அப்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அந்தக் கசிவு 24 மணி முதல் 48 மணி வரை நீடிக்கும். உயிர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயே பிரிகின்றன. ஆனால் தோட்டத் தொழிலாளி அந்த நாளை எப்படிக் காண்கிறார்? “காய்ச்சல் விட்டுப்போச்சு, நாளைக்குப் பேர் போட்டுடலாம்” என்று காண்கிறார். தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஒரு நாட் கூலி. கணக்கேட்டில் விழும் ஒரு பதிவு. முழுப்பேரும் உண்டு, அரைப்பேரும் உண்டு. மூன்று நாட் பேரை இழந்தவர் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிர்ந்ததும் பிரட்டுக்களத்துக்குப் போய் நிற்பதில் வியப்பில்லை. காய்ச்சலின் பெயர் அதற்கு முன்னமே தெரிந்திருந்தால் அவர் அன்று போயிருக்க வேண்டிய இடம் வைத்தியசாலை.

ஆகவே, பெயர் அறிவதில் உள்ள வினா மணிக்கணக்கு வினா. ஒரு துளி இரத்தத்தை வைத்ததும் அதிலுள்ள நோய்க்கிருமியை மின்னோட்டத்தின் அசைவினாலேயே கண்டு, சில நிமிடங்களில் விடை சொல்லக்கூடிய நுண்கருவிகளை ஆக்குவதற்கு உலகின் ஆய்வுகூடங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றன. மின்னணு உயிருணரி என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றின் செயலை விளக்குமுன், இத்தோட்ட மக்களிடம் நோய் தேடிய பழைய முறைகளைச் சிறிது நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். அவை மறக்கத்தக்க கதைகளல்ல.

முதலாவது முறை, காத்திருக்க வைப்பது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கிய காலந்தொட்டு, தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்த மக்களுக்கு மண்டபம் முகாமே வாசற்படியாயிற்று. இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. அங்கே அவர்களை நிறுத்திவைத்து, அம்மைப்பால் குத்தி, வாந்திபேதியோ பிளேக்கோ தலைகாட்டுகிறதா என்று நாள் எண்ணிப் பார்த்தார்கள். உடம்பினுள் இருக்கும் நோயைக் கண்டறியும் வல்லமை இல்லாதபோது, அது தானாக வெளிப்படும் வரை மனிதரைப் பூட்டி வைப்பதுதானே வழி? அறிவியல் நோக்கில் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சோதனை யாருக்காக நடந்தது என்பதும் வெளிப்படை. தோட்டத்துக்குள் நோய் வராதிருக்க வேண்டும், வேலை தடைப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சோதிக்கப்பட்டவரின் சுகம் அதில் இரண்டாம் பட்சமே. மண்டபம் முகாம் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து போன அகதிகளை வைத்திருக்கும் இடமாக மாறியது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

இரண்டாவது முறை, நுணுக்குக்காட்டி. மலேரியாவின் ஒட்டுண்ணியை லவரன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1880இல் மனித இரத்தத்தில் கண்டார். அதனை நுளம்பு காவுகிறது என்பதை 1897இல் செக்கந்தராபாத்தில் இருந்தபடி ரொனால்ட் ரொஸ் நிலைநாட்டினார். அதன்பின் காய்ச்சற்காரரின் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நிறமூட்டிப் பார்த்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும் என்ற நிலை வந்தது. ஆனால் பெயர் தெரிந்தமையால் என்ன நடந்தது என்பதற்குக் கேகாலையே சாட்சி. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்ற, மகா ஓயாவின் படுகையெங்கும் குட்டைகள் தேங்கி நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் கடைசி மாதங்களில் தொடங்கி 1935 வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலும் மிகப் பாதிக்கப்பட்டன. வழக்கமாக மலேரியா மிகுதியாக இல்லாத ஈரப் பிரதேசமாதலால் அங்கிருந்தோர் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை.

அந்த நோய்க்குப் பெயர் இருந்தது. அதைக் காட்டும் கண்ணாடி இருந்தது. கொயினா மருந்தும் இருந்தது. இல்லாதிருந்தவை சோறும், மருந்து கொண்டு போகும் கைகளுமே. சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்தம் தோழர்களும் கிராமங்களுக்குள் இறங்கி மருந்தோடு உணவும் கொடுத்தனர். பருப்புக் கொடுத்தமையால் பெரேராவுக்குப் ‘பரிப்பு மஹத்தயா’ என்ற பெயரே வழங்கியது. 1936இல் ருவான்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியதில் அந்தப் பருப்புக்கும் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளின் உழைப்பில் விரல்நுனி இரத்தத் துளிக்குப் பெரும் பங்கு உண்டு. அத்துளியைத் தேடி வீடுவீடாக நடந்த உத்தியோகத்தருக்கு அதைவிடப் பெரும் பங்கு உண்டு.

நிற்க. மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கண்ணாடி வழியே காணலாம். வைரசைக் காண இயலாது. காரணம் கண்ணாடியின் குறையன்று, ஒளியின் குறை. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நனோமீற்றர் முதல் 700 நனோமீற்றர் வரை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். டெங்கு வைரசின் குறுக்களவு சுமார் 50 நனோமீற்றர். கடலலை ஒரு கூழாங்கல்லைத் தாண்டிப் போகும்போது அக்கல்லின் உருவத்தைச் சொல்வதில்லை அல்லவா? அதுபோல் ஒளியலையும் வைரசைத் தாண்டிப் போய்விடுகிறது. எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டி அதனைக் காட்டும். ஆனால் அந்தப் பெருங்கருவியைத் தெரணியகலை மலைக்கு ஏற்றுவது நடக்கிற காரியமன்று.

டெங்கு இந்நாட்டுக்குப் புதியதன்று. ஆய்வுகூடச் சோதனையால் இங்கே அது உறுதியானது 1962இல். 1965-66இல் அதன் இரத்தப்போக்கு வடிவம் கொழும்பில் தலைகாட்டியது. நகரத்து நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட அது மலையடிவாரத்துக்கு வந்ததில் றப்பருக்கும் ஒரு பங்குண்டு. கேகாலையும் இரத்தினபுரியும் றப்பர் விளையும் மாவட்டங்கள். மரத்தில் கட்டிய சிரட்டையிலோ கிண்ணத்திலோ பால் வடியாத நாட்களில் மழைநீர் தேங்கும். டெங்கைக் காவும் இரண்டு நுளம்பினங்களில் ஒன்றாகிய ஈடிஸ் அல்போபிக்டஸ், மரநிழலும் தெளிந்த சிறுநீர்த் தேக்கமும் கண்டால் மகிழ்ந்து முட்டையிடும் இனம். ஒரு ஏக்கரில் எத்தனை மரம், எத்தனை சிரட்டை என்று எண்ணிப் பாருங்கள். மழை மிகுந்தால் பால்வெட்டு நிற்கும். பால்வெட்டு நின்றால் சிரட்டையைக் கவிழ்ப்பார் இல்லை. ஆகவே வேலையற்ற நாட்களே நோய்க்கு வேலைநாட்களாகின்றன.

2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு மே மாத இறுதியிலேயே களுகங்கை பெருகி இரத்தினபுரி மாவட்டம் நீரில் மூழ்கியதும், மண்சரிவுகள் கிராமங்களை விழுங்கியதும் நிகழ்ந்தன. அதற்கு முந்திய 2016 மே மாதத்தில் கேகாலையின் அரநாயக்கவில் மலையே சரிந்து வந்தது. பாதை துண்டிக்கப்பட்ட நாட்களில் ஓர் இரத்த மாதிரி எங்கே போகும்? சேற்றில் நின்று வீட்டைத் தோண்டியவருக்கு ஒரு வாரம் கழித்து வரும் காய்ச்சல் எலிக்காய்ச்சலா, டெங்கா என்று யார் சொல்வது?

இன்று கையிலுள்ள முறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டெங்கு வைரசு உடம்பினுள் பெருகும்போது ‘என்.எஸ்.1’ என்னும் ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே அதனைக் கண்டறியலாம். சோதனைத் தாட்பட்டையில் ஒரு துளி விட்டால் கால்மணி நேரத்தில் கோடு விழும். நல்ல முறைதான். ஆனால் டெங்கில் நான்கு வகைகள் உள. ஒருவகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வரும்போதே நோய் கடுமையாவது வழக்கம். அந்த இரண்டாம் முறையில்தான் இத்தாட்பட்டை பெரிதும் தவறிவிடுகிறது. பழைய பிறபொருளெதிரிகள் என்.எஸ்.1 புரதத்தைப் பிடித்து மறைத்துவிடுவதே காரணம். அதாவது, யாருக்கு விடை மிகத் தேவையோ அவரிடத்திலேயே அது வாய்மூடி நிற்கிறது. வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் பீ.சி.ஆர். முறை கூர்மையானது, ஆனால் அதற்கு இயந்திரமும் குளிரூட்டியும் பயின்ற கைகளும் வேண்டும். 2020இலும் 2021இலும் அதன் முடிவுக்காக நாட்கணக்கில் காத்திருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்.

இவ்விடத்திலே மின்னோட்டம் கதைக்குள் வருகிறது.

இரத்தத்தில் உள்ளதை மின்சாரத்தால் அறிவது நமக்கு முற்றிலும் புதியதன்று. நீரிழிவுக்காரர் வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. 1962இல் லீலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் நொதியப் பொருளையும் மின்வாயையும் இணைத்து அதற்கு வித்திட்டார். 1970இல் நெதர்லாந்தின் பியெற் பெர்க்வெல்ட், வானொலிப் பெட்டிகளில் நாமெல்லோரும் அறிந்த டிரான்சிஸ்டரை எடுத்து, அதன் கதவாய் நின்ற உலோகத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு திரவத்தைத் தொடவிட்டார். திரவத்திலுள்ள மின்னேற்றமே டிரான்சிஸ்டரைத் திறக்கவும் மூடவும் செய்தது. எளிய எண்ணம், ஆனால் இன்றுள்ள மின்னணு உயிருணரிகள் பலவற்றுக்கு அதுவே தாய்.

இதன் செயலை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துப் பீலியை நினைத்தாற் போதும். களனி கங்கையில் ஓர் இலை விழுந்தால் ஆற்றுக்கு அது தெரியாது. மலையூற்றிலிருந்து மூங்கிற் குழாய் வழியே ஒழுகும் பீலியில் அதே இலை விழுந்து அடைத்துக்கொண்டால், குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அக்கணமே தெரிந்துவிடும். நீர் மெலியும், அல்லது பக்கம் மாறித் தெறிக்கும். மின்னோட்டமும் அவ்வாறே. தடித்த கம்பியின் மேல் ஒரு வைரசு வந்து ஒட்டினால் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கம்பியை மெலிதாக்கி மெலிதாக்கி, வைரசின் அளவுக்கே கொண்டுவந்துவிட்டால்? அப்போது வைரசின் மேலுள்ள சிறு மின்னேற்றம் கம்பியின் முழு உடலையும் தொடும். ஓட்டம் ஏறும் அல்லது இறங்கும். கருவியின் நுண்மையே அதன் வல்லமையாகிறது. நனோ அளவுக்குப் போவது வெறும் புதுமை மோகத்தினால் அன்று.

ஆனால் கம்பியில் எதுவும் வந்து ஒட்டலாமே, டெங்குதான் என்று எப்படித் தெரியும்? இதற்கான விடையை இயற்கையே செய்துவைத்திருக்கிறது. நோய் கண்ட உடம்பு அந்த நோய்க்கென்றே ஆக்கும் பிறபொருளெதிரி, தன் பகைவனையன்றிப் பிறரைப் பற்றாது. அதனைக் கம்பியின் மேல் வரிசையாக நட்டுவிட்டால், ஆயிரம் புரதங்கள் கடந்து போனாலும் உரிய வைரசு வரும்போது மட்டுமே பிடி விழும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் லீபரின் குழுவினர் 2001இல் சிலிக்கன் நுண்கம்பிகளால் இவ்வழியைத் திறந்தனர். 2004இல் அதே குழு இன்புளுவென்சா வைரசைத் தனித்தனி ஒன்றாக எண்ணிக் காட்டியது. ஒரு வைரசு வந்து ஒட்டியதும் மின்னோட்டம் ஒரு படி மாறியது. அது விட்டுப் போனதும் பழைய நிலைக்கு மீண்டது. ஒளியினால் காண முடியாத ஒன்று, வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன ஓசையை மனிதன் கேட்டான் என்றே இதனைச் சொல்ல வேண்டும். அப்பரிசோதனையில் நமக்கு மேலும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அடுத்தடுத்த கம்பிகளில் வெவ்வேறு பிறபொருளெதிரிகளை நட்டு, இன்புளுவென்சாவையும் அடினோ வைரசையும் ஒரே வேளையில் பிரித்தறிந்தார்கள். ஒரு துளியில் பல பெயர்களைக் கேட்கலாம் என்பது இதன் பொருள். டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒரே லயத்தில் குடியிருக்கும் சப்பிரகமுவவுக்கு வேண்டியது இத்தகைய கருவிதான்.

சிலிக்கன் கம்பிக்குப் பின் வந்தது கிராபீன். இதன் கதை நம்மூர் மண்ணைத் தொடுகிறது. பென்சில் முனையாக நாம் அறிந்த காரீயம், கரியணுக்களாலான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய ஏடு போன்றது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ முப்பது இலட்சம் தாள்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் அது கிராபீன். மான்செஸ்டரில் அன்ட்ரே கெய்மும் கொன்ஸ்டான்டின் நொவொசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவினால் காரீயத்தை உரித்து உரித்து 2004இல் இதனைச் சாதித்தனர். 2010இல் நோபெல் பரிசு பெற்றனர். ஓரணுத் தடிப்புள்ள தாளாதலால் அதில் உட்புறம் என்பதே இல்லை, எல்லாம் மேற்புறமே. மேலே எது வந்து தொட்டாலும் அதன் மின்னோட்டம் முழுதும் அதனை உணரும்.

காரீயமோ கேகாலை மாவட்டத்துச் செல்வம். போகலச் சுரங்கத்தில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பாக ஓடும் காரீயம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தூய கரியாகக் கிடைக்கக் கூடியது. உலகப் போர்க் காலங்களில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காகக் கப்பலேறிய பொருள் அது. 2008இல் அமைந்த இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இக்காரீயத்திலிருந்து கிராபீன் செய்யும் வழிகளை ஆராய்ந்துள்ளது. கேகாலையின் கரியே கேகாலையின் காய்ச்சலை அறியும் என்று ஒரு கவிதை எழுதிவிடக் கை துடிக்கிறது! ஆனால் உண்மை அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. நுண்ணுணர்வு மிக்க கருவிகளுக்கான ஒற்றைத் தாளைப் பெரும்பாலும் மீதேன் வாயுவைக் கொண்டு செப்புத் தகட்டின் மேல் வளர்க்கிறார்கள். சுரங்கத்துக் காரீயம் அதற்கு வேண்டுவதில்லை. அச்சிடும் மின்வாய்கள், கிராபீன் மை, மலிவான பட்டைகள் ஆகியவற்றுக்கே அது பெரிதும் உதவும். அதுவும் சிறு உதவியன்று. ஏழைக்கு எட்டும் விலை அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

2020இல் கொரியாவின் அடிப்படை விஞ்ஞான நிறுவனத்தார் கிராபீன் தாளின் மேல் கொரோனா வைரசின் முட்புரதத்துக்குரிய பிறபொருளெதிரியை நட்டு ஓர் உணரி செய்தனர். ஒரு மில்லிலீற்றர் கரைசலில் ஒரு பெம்ரோகிராம் புரதத்தையும் அது உணர்ந்தது. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு பெம்ரோகிராம். ஆனால் தூய கரைசலில் கண்ட கூர்மை, நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளை இடும் திரவத்தில் நூறு மடங்கு மழுங்கியது. அந்தக் குறைவும் மெச்சத்தக்கதே. ஆயினும் ஆய்வுகூடத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த நூறு மடங்கு நமக்குக் காட்டிவிடுகிறது.

தடை எங்கே? முதல் தடை உப்பு. இரத்தம் உப்புநீர். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் நூறு பேர் ஒன்றாகப் பேசும்போது, ஒருவர் மெல்லச் சொல்வது பக்கத்திலிருப்பவருக்கு மட்டுமே கேட்பதுபோல், உப்பணுக்களின் இரைச்சலில் வைரசின் மின்னேற்றம் ஒரு நனோமீற்றர் தூரத்துக்குள்ளேயே அமுங்கிப் போகிறது. பிறபொருளெதிரியின் உயரமோ பத்து நனோமீற்றருக்கு அண்மியது. அதன் உச்சியில் பிடிபட்ட வைரசு சொல்வது அடியிலுள்ள கம்பிக்குக் கேட்பதில்லை. உப்பை நீக்கிச் சோதிக்கலாம், பிறபொருளெதிரியின் துண்டத்தை மட்டும் நடலாம், குட்டையான வேறு பிடிகளைப் பயன்படுத்தலாம். இல்லினோய் பல்கலைக்கழகத்தார் 2020இல் கிராபீன் தாளையே கசக்கிச் சுருக்கங்களாக்கி, அச்சுருக்கங்களின் பள்ளத்துள் இரைச்சலைக் குறைத்து மரபுப்பொருளை உணர்ந்தனர். கசங்கிய தாள் நேரான தாளைவிட நன்றாகக் கேட்கிறது என்பது சுவையான செய்தி.

மற்றைய தடைகளை விரைந்து சொல்லிவிடலாம். இரத்தத்திலுள்ள வேறு புரதங்கள் அழைப்பில்லாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே அச்சில் வார்த்த இரு கருவிகள் ஒரே விடையைச் சொல்வதில்லை. நட்டுவைத்த பிறபொருளெதிரி வெப்பத்திலும் ஈரத்திலும் நலிந்துவிடும். சுவரில் மாட்டிய படமே பூஞ்சணம் பிடிக்கும் இரத்தினபுரி மழைக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் சோதித்தல் வேண்டும். இக்காரணங்களால் இக்கருவிகள் ஆய்வுகூட வாசலை இன்னும் முற்றாகத் தாண்டவில்லை. நாளையே வந்துவிடும் என்று எழுதுவோரை நாம் நம்புவதற்கில்லை. வரவே வராது என்போரையும் நம்புவதற்கில்லை. சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் 1962இலிருந்து வீட்டு அலுமாரி வரை வந்துசேர இரு பத்தாண்டுகளாவது சென்றன.

வரும்போது அது எங்கே வைக்கப்படும் என்பதே நம் கவலை. தோட்ட வாசலிலும் ஆலைக் கதவிலும் வைத்தால் அது மண்டபம் முகாமின் பேரப்பிள்ளையாக இருக்கும். காய்ச்சலுள்ளவரைப் பிரித்து நிறுத்தும். அன்றைய பேரை வெட்டும். பயந்தவர் காய்ச்சலை மறைப்பார். லயத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் வைத்தால், அதே கருவி வேறு வேலை செய்யும். தோட்ட வைத்திய உதவியாளர் மூன்றாம் நாளிலேயே டெங்கென்று அறிந்து, காய்ச்சல் விடும் நாளை முன்கூட்டிக் குறித்து, “உடம்பு குளிர்ந்தாலும் வேலைக்குப் போகாதீங்கம்மா, அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சொல்ல முடியும். அந்தச் சொல் தமிழில் இருக்க வேண்டும்; கருவியின் முகத்தில் தோன்றும் எழுத்தும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வீடு திரும்புவது தோட்ட மக்களுக்குப் பழகிப்போன துன்பம்.

அந்த ஒரு நாட் கூலியை யார் கொடுப்பது என்ற கணக்கும் உண்டு. நோய் தெரிந்தபின் வேலைக்குப் போகாதே என்று சொல்வது எளிது. பேர் விழாத நாளுக்கு அரிசிக்கடையில் விடை சொல்ல வேண்டியவர் அந்தத் தொழிலாளியே. டெங்கு, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. ஒரு நோயாளி கண்டறியப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் செய்தி போக வேண்டும், அவர் வந்து சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும், சிரட்டைகள் கவிழ்க்கப்பட வேண்டும். முதல் நோயாளி மூன்றாம் நாளில் தெரிந்தால் அடுத்த லயம் தப்பலாம். எட்டாம் நாளில் தெரிந்தால் நுளம்பு அதற்குமுன் தன் வேலையை முடித்திருக்கும்.

பிறகு பாதை. மருந்தகத்தில் விடை கிடைத்த மணியிலிருந்து இரத்தினபுரியிலோ கேகாலையிலோ அவிசாவளையிலோ உள்ள வைத்தியசாலைக் கட்டிலுக்குப் போய்ச்சேரும் மணி வரை உள்ள நேரத்தை எந்த நுண்கம்பியும் குறைக்காது. பல தோட்டங்களில் நோயாளியை இன்றும் முச்சக்கரவண்டியிலோ கொழுந்து லொறியிலோதான் இறக்குகிறார்கள். மேற்பிரிவிலிருந்து பெருந்தெருவுக்கு வரும் பாதை மழைக்காலத்தில் அவற்றுக்கும் சில நாட்களில் இடங்கொடுப்பதில்லை.